சுழியல் சாலையில் ஒரு வழித்துணை

மார்கழி பிறந்தால் அருப்புக்கோட்டைச் சீமை தன் உண்மையான நிறத்தைச் சில வாரங்களுக்கு மறைத்துக்கொள்ளும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையைக் குடித்த கரிசல் மண்ணில் சோளமும் பருத்தியும் கொத்தமல்லியும் தழைத்து நிற்கும். கண்மாய்களில் முழங்காலளவேனும் நீர் கிடக்கும். எஞ்சிய காலமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலம் இதுதான் என்று புதிதாக வருவோரிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் சென்றால் குண்டாற்றங்கரையில் திருச்சுழி. திருவாதிரையை ஒட்டிய நாள்களில் இச்சாலையில் அடியார்களின் வாகனங்கள் தொடர்ந்து செல்வதைக் காணலாம். அவற்றுள் சிலவற்றின் சன்னல் வழியே ஒரு நாயின் முகமும் வெளியே எட்டிப் பார்க்கக்கூடும்.

வீட்டில் நாய் வளர்ப்போர் தலயாத்திரை புறப்படும்போது, அதை எங்கே விட்டுச் செல்வது என்ற கேள்வி எழாமல் இராது. அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைக்கலாம், உற்றார் வீட்டில் விடலாம். இரண்டுக்கும் வழியில்லாதவர்கள் கொல்லைப்புறத்தில் கட்டிப்போட்டு, ஒரு தட்டில் சோறும் ஒரு சட்டியில் நீரும் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். சட்டி முதல் நாளே கவிழ்ந்துவிடுகிறது. மூன்று நாள் கழித்துத் திருநீறும் பிரசாதமுமாகத் திரும்புவோரை எதிர்கொள்ள எழுந்திருக்கவும் வலுவின்றி அது கிடக்கும். அந்த யாத்திரையின் புண்ணியக் கணக்கில் இந்த மூன்று நாளை எங்கே எழுதுவது?

மகாபாரதத்தின் மகாபிரஸ்தான பருவம் எல்லோரும் அறிந்ததே. திரௌபதியும் நான்கு தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக வழியில் வீழ்ந்தபின், தருமபுத்திரரைக் கடைசிவரை தொடர்ந்து வந்தது ஒரு நாய். இந்திரன் தேரைக் கொண்டுவந்து நிறுத்தி, நாயை விட்டுவிட்டு ஏறுக என்றபோது அவர் மறுத்தார். அந்த நாய் தருமதேவனே என்பது பின்னர்தான் தெரியவந்தது. அடைக்கலமென்று வந்ததைக் கைவிட மறுத்தபோது அவருக்கு அது வெறும் நாய்தான். கதையைச் சொல்வோர் பலர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

நாயையும் உடன் அழைத்துச் செல்வது என்று துணிந்த குடும்பத்துக்குப் பாண்டிநாட்டில் திருச்சுழியைப் போலப் பொருந்திய தலம் வேறில்லை எனலாம். அவ்வூரில் பிறந்து, பின்னாளில் வேறோர் ஊரின் மலைச்சாரலில் வாழ்ந்த ஒருவரே அதற்குக் காரணம். அவரைப் பற்றிச் சொல்லுமுன் வழியையும் ஊரையும் காண வேண்டும்.

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் அருப்புக்கோட்டை அமைந்துள்ளது. தறிச் சத்தத்துக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். மல்லிகை அரும்பால்தான் ஊருக்கே பெயர் வந்தது என்பாரும் உண்டு. அம்மனுக்குச் சாத்தும் சரத்தை இங்கேயே வாங்கிக்கொள்வது நலம். விருதுநகரிலிருந்து மானாமதுரை செல்லும் இருப்புப்பாதையும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாகவே செல்கிறது. ஆயினும் நாயை இரயிலில் கொண்டுசெல்ல வேண்டுமானால், முதல் வகுப்பில் தனியறை முழுவதையும் பதிவுசெய்ய வேண்டும். இல்லையேல் காவலர் பெட்டியிலுள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். ஆகவே சொந்த வாகனமே எளிது.

நகரைத் தாண்டியதும் இருபுறமும் சீமைக் கருவேலம். அதை ஏசாத உழவர் இங்கே இல்லை. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பசியாறிய குடும்பங்களும் குறைவில்லை. அதன் நிழல் ஆட்டுக்கும் நாய்க்கும் போதும், மனிதருக்குப் போதாது. அறுவடை முடிந்த நிலங்களில் ஆட்டுக்கிடை கிடப்பதையும் காணலாம். நிலத்துக்கு உரமாகட்டும் என்று உழவர் கேட்க, கீதாரிகள் தம் மந்தையை இரவில் அங்கே அடைக்கிறார்கள். நரிக்கும் திருடருக்கும் எதிராக அந்தக் கிடையைக் காப்பவை நாய்கள். பகலில் கண்மூடிக் கிடக்கும் அவற்றைச் சோம்பேறிகள் என்று எண்ணிவிட வேண்டா. தம் மந்தையருகே வேற்று நாய் வந்தால் என்ன நேரும் என்பதை வண்டியைவிட்டு இறங்கியவர்கள் ஒரு நொடியில் அறிந்துகொள்வர். உடன் வரும் நாயின் கழுத்துவார் கையில் இறுகப் பிடித்திருக்கட்டும்.

நாய்க்குப் பெயர்பெற்ற சீமை இது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் இராஜபாளையம் நாய் இம்மாவட்டத்து ஊரின் பெயரையே தாங்கியது. மெலிந்த உடலும் நீண்ட காலுமாய் முயலைத் துரத்தும் சிப்பிப்பாறை நாயும் அவ்வாறே. 2005ஆம் ஆண்டில் அஞ்சல்துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இராஜபாளையம் அவற்றுள் ஒன்றாக இருந்தது. காவலுக்கென்று வளர்த்த நாயை இந்நாட்டார் உண்டு எஞ்சியதைத் தின்னும் பிராணியாக மட்டும் கருதியதில்லை.

குண்டாறு மதுரை மாவட்டத்து மேற்கு மலைச்சாரலில் தோன்றித் திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகச் சென்று மன்னார் வளைகுடாவில் கலப்பது. கௌண்டின்ய முனிவரின் பெயரால் கௌண்டின்ய நதி என்றும் பாபஹரி என்றும் புராணங்கள் போற்றும். பெயர்கள் பெரியவை, நீர் சிறிது. ஆண்டின் பெரும்பகுதி மணற்படுகையும் நாணலும் கருவேலமுமே ஆறு. அந்த மணலில் ஊற்றுத் தோண்டித்தான் முன்னாளில் குடிநீர் எடுத்தார்கள். மழைக்காலத்து வெள்ளம் சில நாள் வந்து போகும். ஆற்றில் நீராடலாம் என்று எண்ணி வருவோர் ஏமாறுவர். உடன் வரும் நாய்க்கும் ஆற்றை நம்பாமல் வீட்டிலிருந்தே நீர் கொண்டுவர வேண்டும்.

நீரில்லா ஆற்றின் கரையிலுள்ள தலத்துக்கு வெள்ளத்தால் பெயர் வந்தது என்பதே வியப்பு. ஊழிப் பெருவெள்ளம் உலகை மூடிவந்தபோது சிவபெருமான் இங்கே சூலத்தால் நிலத்தைக் குத்தித் துளைத்தார். வெள்ளம் முழுவதும் சுழித்துக்கொண்டு அத்துளையில் இறங்கிற்று. சுழித்த இடம் சுழியல் ஆயிற்று என்கிறது தலபுராணம். கோயிலுக்கு முன்னுள்ள சூலதீர்த்தமே அந்த இடம். மாசி மகத்தை ஒட்டிப் பத்து நாள் இத்தீர்த்தத்தின் நீர் படிப்படியாக ஏறிப் பின் இறங்கும் என்று பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். கௌதம முனிவரும் அகலிகையும் இங்கே வழிபட்டதாகவும் புராணம் கூறும்.

இறைவன் திருமேனிநாதர், பூமிநாதர் என்றும் வழங்குவர். அம்மை துணைமாலை நாயகி, வடமொழியில் சகாயவல்லி. துணையாய் நிற்பவள் என்பது இரு பெயர்களிலும் உள்ள பொருள். பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கனுள் இது ஒன்று. சுந்தரமூர்த்தி நாயனார், சேரமான் பெருமாளுடன் தென்திசைத் தலங்களை வணங்கி வந்தபோது இங்கே பதிகம் பாடித் தங்கினார். அன்றிரவு அவர் கனவில் இறைவன் கையில் செண்டும் முடியில் சுழியமும் கொண்ட காளையாகத் தோன்றி, தாம் இருப்பது கானப்பேர் என்று சொல்லி மறைந்தார் என்பது பெரியபுராணச் செய்தி. கானப்பேர் இன்றைய காளையார்கோயில். ஒரு தலத்தில் தங்கியிருக்கும் அடியவனைத் தேடிவந்து, அடுத்த தலத்துக்கு வா என்று அழைத்த கருணை அது.

கோயிலுக்குள் நாய்க்கு இடமில்லை. இதில் வாதிடவோ, அர்ச்சகரிடம் சலுகை கேட்கவோ எதுவுமில்லை. ஆலயத் தூய்மை பற்றிய மரபு அது, அதைப் போற்றத்தான் வேண்டும். வெளியில் நாயுடன் ஒருவர் நிற்க, மற்றவர்கள் தரிசித்து வந்தபின் அவர் செல்வதே முறை. ஆனால் யார் முதலில் நிற்பது என்பதில்தான் குடும்பத்தின் குணம் தெரியும். பெரும்பாலும் அந்தப் பணி வீட்டின் மருமகளுக்கோ, பேசாமல் ஒப்புக்கொள்ளும் இளைய பிள்ளைக்கோ போய்ச் சேர்கிறது. அவர்கள் உள்ளே செல்லும் நேரத்தில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியிருப்பார்கள். மாலைவரை காத்திருக்க மற்றவர்களுக்குப் பொறுமை இராது. ஆகவே காலையிலேயே வந்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலையிலும் கற்றளத்திலும் நாயின் பாதம் பொரிந்துவிடும் என்பது இன்னொரு காரணம். சித்திரை, வைகாசியில் இந்தப் பயணத்தை நினைக்கவே கூடாது.

உள்ளே சென்றவர்கள் பைரவரை வணங்கும்போது சற்று நின்று பார்க்கலாம். சிவாலயங்களில் வடகிழக்கில் எழுந்தருளி ஆலயம் முழுவதையும் காப்பவர் அவர். இரவில் நடை சாத்தியபின் திறவுகோலை அவர் திருவடியில் வைத்து எடுத்துச் செல்லும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. அவர் பின்னே குறுக்காக நிற்கும் நாயைச் சிற்பிகள் வாலின் வளைவும் நிமிர்ந்த காதுமாக அன்போடு செதுக்கியிருப்பார்கள். தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு வடைமாலை சாத்துவோர் அந்த நாயின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துச் செல்வதுண்டு. திருப்பத்தூரில் யோகநிலையில் அமர்ந்த பைரவருக்கு மட்டும் நாய் வாகனம் இல்லை. கல்லில் நிற்கும் நாய் உள்ளே. உயிருள்ள நாய் வாசலில்.

திருமேனிநாதர் கோயிலுக்கு அருகிலேயே சுந்தர மந்திரம் என்னும் இல்லம் உள்ளது. 1879 டிசம்பர் 30 அன்று பின்னிரவு ஒரு மணியளவில், திருவாதிரைத் திருவிழாவில் நடராஜப் பெருமான் வீதியுலா வந்த இரவில், சுந்தரமய்யருக்கும் அழகம்மைக்கும் ஓர் ஆண்குழந்தை பிறந்தது இங்கேதான். வேங்கடராமன் என்று பெயரிட்டார்கள். உலகம் பின்னர் ரமண மகரிஷி என்று அழைத்தது. இவ்வில்லத்தைத் திருவண்ணாமலை ரமணாசிரமம் பராமரித்து வருகிறது. சுந்தரமய்யர் இவ்வூரில் வழக்குரைஞர், விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்றவர். வீட்டை இரு பகுதியாக்கி ஒன்றை வந்துபோவோர்க்கென்றே விட்டிருந்தார் என்பர். இன்றும் உள்ளே நுழைந்தவுடன் ஓர் அமைதி வந்து சூழும்.

சிறுவன் வேங்கடராமனைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுவதுண்டு. தந்தையின் வழக்குத் தாள்களை எடுத்துக் காகிதப் படகுகள் செய்து மிதக்கவிட்டான். தந்தை வந்து பார்த்தார், கடிந்துகொண்டார். பிள்ளையைக் காணவில்லை. ஊரெல்லாம் தேடினார்கள். பூசைக்குச் சென்ற குருக்கள்தான் கண்டார்: சகாயவல்லியின் சந்நிதியில், அம்மன் திருவுருவத்துக்குப் பின்னால் சிறுவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கடுஞ்சொல் குழந்தையை எவ்வளவு தூரம் ஓட்டிவிடும் என்பதையும், இந்தக் குழந்தை ஓடிய இடம் எது என்பதையும் எண்ணிப் பார்த்தவாறே துணைமாலை நாயகியின் முன் நிற்பவர்களுக்கு அந்தச் சந்நிதி வேறாகத் தோன்றும்.

தொடக்கக் கல்வி இவ்வூரில். 1892இல் தந்தை காலமானபின் மதுரையில் சிற்றப்பாவின் இல்லம். 1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை. அதன்பின் அவர் அம்மலையை நீங்கவில்லை. விரூபாட்ச குகை, 1916 முதல் 1922 வரை கந்தாசிரமம், பிறகு மலையடிவார ஆசிரமம்.

அந்தக் கந்தாசிரமத்துக்குக் குட்டியாக வந்து சேர்ந்தவள் கமலா என்னும் நாய். பெண்குட்டி; ஆண்டுதோறும் ஈன்று இடத்தை நிரப்பிவிடும் என்று அஞ்சி அங்கிருந்தவர்கள் துரத்தினார்கள். அவள் போகவில்லை. அஞ்சியபடியே குடும்பம் பெருகிற்று. முதல் பிரசவம் ஆனபோது அவளை நீராட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, தூய இடத்தில் குட்டிகளோடு பத்து நாள் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் புண்ணியாகவாசனமும் விருந்தும் நடந்தன. பிள்ளை பெற்ற மகளுக்குத் தாய்வீட்டில் என்ன செய்வார்களோ அது.

கமலாவின் தொண்டு வேறு. புதிதாக வரும் அன்பர் கிரிவலம் செல்ல விரும்பினால், இவரை அழைத்துச் சென்று வா என்று மகரிஷி அவளிடம் சொல்வார். அவள் முன்னே நடப்பாள். மலையைச் சுற்றிய பதினான்கு கிலோமீட்டரில் உள்ள மூர்த்தங்கள், குளங்கள், சந்நிதிகள் ஒன்றையும் விடாமல் காட்டிக் கொண்டுவந்து சேர்ப்பாள். வழிகாட்டியென்று இன்று பணம் கொடுத்து அமர்த்துவோர்கூட இத்தனை பொறுமையாகக் காட்டுவார்களா என்பது ஐயமே.

தமிழில் விலங்கை ‘அது’ என்போம். மகரிஷி அவ்வாறு சொல்வதில்லை. ‘அவன்’, ‘அவள்’ என்பார். பையன்களுக்குச் சோறு ஆயிற்றா என்று அவர் கேட்டால் அது ஆசிரமத்து நாய்களைப் பற்றியது. பந்தி முறையும் அப்படியே அமைந்திருந்தது: முதலில் நாய்கள், அடுத்து வந்துநிற்கும் ஏழைகள், கடைசியில் அடியார்கள். தலைவாழை போட்டு அமர்ந்த பெரிய மனிதர்கள் நாய்கள் உண்டு முடியும்வரை காத்திருந்தார்கள்.

ஆயினும் எல்லாக் கதையும் மஞ்சள் குங்குமக் கதையன்று. விரூபாட்ச குகை நாள்களில் அங்கே ஒரு சிறிய நாய் இருந்தது. உடனிருந்த அடியவர் ஒருவர் ஏதோ ஒரு பிழைக்காக அதைக் கடுமையாகத் திட்டினார். அந்த நாய் நேரே ஓடிச் சங்கதீர்த்தக் குளத்தில் விழுந்தது. சற்றைக்கெல்லாம் உடல் மிதந்தது. மகரிஷியே இதைப் பின்னாளில் அன்பர்களிடம் சொல்லியிருக்கிறார். இங்குள்ள நாய்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் அறிவும் தமக்கென்று ஒரு நெறியும் உண்டு, அவற்றிடம் கடுமை கூடாது என்று அன்றே ஆசிரமத்தாருக்கு எடுத்துரைக்கப்பட்டது. எந்த உயிர் எந்த வினையைத் தீர்க்க எந்த உடலில் நம்மிடம் வந்திருக்கிறதோ, யார் அறிவார் என்பது அவர் கருத்து.

காகிதப் படகுக்காகத் திட்டு வாங்கிய பிள்ளைக்கு ஓடி ஒளிய அம்மன் சந்நிதி இருந்தது. அந்த நாய்க்குக் குளம்தான் கிடைத்தது. இரண்டையும் அறிந்த ஒருவரே, சாகும்வரை தம் பந்தியில் நாய்களை முதலில் அமர்த்தினார்.

ரமணாசிரமத்தில் இலட்சுமி என்னும் பசுவுக்கும், ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்னும் நாய்க்கும் அடுத்தடுத்துச் சமாதிகள் உள்ளன. பசு முக்தியடைந்தது 1948 ஜூன் 18. திருவண்ணாமலை செல்வோர் பலர் பசுவின் சமாதியைத் தேடிச் சென்று வணங்குகின்றனர். நாயின் சமாதி முன் நிற்போர் சிலரே.

மீண்டும் திருச்சுழி. சுந்தர மந்திரத்திலும் நாயை வாசலிலேயே நிறுத்துவதுதான் முறை. உள்ளே அமர்ந்து தியானிப்போர்க்கு இடையூறு ஆகக்கூடாது. தெருநாய்கள் தம் எல்லைக்குள் வந்த விருந்தாளியைக் குரைத்து விசாரிக்கும். கழுத்துவாரைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கும் நான்கு ரொட்டித்துண்டு போட்டால் விசாரணை விரைவில் முடியும். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயை ஊர்விட்டு ஊர் கொண்டுவருவது, கொண்டுவருவோருக்கும் ஊராருக்கும் செய்யும் தீங்கு. கழிவை எடுத்துப் போடத் தாளும் பையும் கையில் இருக்கட்டும்; தீர்த்தக்கரையை இப்போதே மனிதர்கள் போதிய அளவு கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

தரிசனம் முடிந்தபின், கனவில் சுந்தரர்க்குக் கிடைத்த கட்டளைப்படி காளையார்கோயிலுக்கும் சென்றுவருவது பலரின் வழக்கம். மானாமதுரை, சிவகங்கை வழியாகச் செல்லலாம். வெயில் தணியும் வரை காத்திருப்போர் சூலதீர்த்தத்தின் அருகே மரநிழலில் அமர்வர். வெளியில் நின்றவர் உள்ளே சென்று, அம்மனுக்குச் சாத்திய மல்லிகையில் ஒரு துண்டும் குங்குமமுமாகக் கடைசியில் திரும்பி வருவார். எல்லோரையும் விட முதலில் எழுந்து அவரை எதிர்கொள்வது அந்த நாய்தான். சட்டியில் ஊற்றிய நீரைப் பாதியிலேயே விட்டுவிட்டு, வாலாட்டிக்கொண்டு கழுத்துவார் எட்டும் தொலைவு வரை ஓடிப் போகும்.